அனாமத்துக் கணக்கில் ஒரு ஷாக் அப்சார்பர்

தலைப்பைப் பார்த்துட்டு ஏதோ அக்கவுண்ட்ஸ் பாடம்னு ஓடிடாதீங்க மக்களே. இது எங்க வீட்டுக் காரோட கதை. ஆனா எழுதறவன் பி.காம். படிக்கிறவன்ங்கிறதால நடுநடுவுல பற்று, வரவு வாடை அடிக்கும். பொறுத்துக்கோங்க :-)

பதினொண்ணாம் வகுப்புல கணக்குப்பதிவியல் படிச்சவங்களுக்கு அனாமத்துக் கணக்கு ஞாபகம் இருக்கும். இருப்பாய்வுல ரெண்டு பக்கமும் ஒத்து வரலைன்னா, அந்த வித்தியாசத்தை எங்க வைக்கிறதுன்னு தெரியாம தற்காலிகமா ஒரு கணக்குல தூக்கிப் போடுவோமே, அதுதான். இங்கிலீஷ்ல சஸ்பென்ஸ் அக்கவுண்ட். எங்க வீட்டுல ஒரு வருஷம் பூரா சஸ்பென்ஸ்ல கிடந்தது காரோட சஸ்பென்ஷன். (சரி சரி, கல்லைக் கீழ போடுங்க.)

எங்க வண்டி 2010 மாடல் ஆல்ட்டோ. 2017ல 41,000 கிலோமீட்டர் ஓடின நிலையில செகண்ட் ஹேண்டா வாங்கினது. இப்ப ஒரு லட்சத்து எட்டாயிரத்தைத் தாண்டிடுச்சு. வண்டியைக் குறை சொல்ல ஒண்ணுமே இல்லை. குறையெல்லாம் அதுல உக்காந்திருந்த எங்க மேலதான். அப்பாவுக்கு காலண்டர் ஆர்டர் பிடிக்கிற தொழில். ஆடி 18 அன்னிக்கு சிவகாசியில அடுத்த வருஷ காலண்டர் ஆல்பம் வெளியிடுவாங்க. அன்னிலேர்ந்து மார்கழி வரைக்கும் எங்க கார், கார் இல்லை, மினி லோடு வேன். டிக்கி முழுக்க ஆல்பம், சாம்பிள், அச்சான காலண்டர் பண்டல். காகிதம் என்ன வெயிட் இருக்கும்னு தூக்கினவங்களுக்குத் தெரியும். அதை ஏத்திக்கிட்டு விருதுநகர், ஆமத்தூர், திருத்தங்கல், சிவகாசின்னு வாரத்துல அஞ்சு நாள்.

ரோட்டைப் பத்தியும் சொல்லணும். எங்க ஊர்ப் பக்கம் கரிசல் மண். மழை பெஞ்சா உப்பும், வெயில் அடிச்சா சுருங்கி வெடிக்கும். அது மேல எவ்வளவு நல்லா தார் போட்டாலும் அடியில இருக்கிற மண்ணு மூச்சு விட்டுக்கிட்டே இருக்கும். அதனால குண்டு குழி இல்லாத இடத்துலகூட ரோடு லேசா அலை அலையா ஆயிடும். கண்ணுக்குத் தெரியாது, சீட்டுக்குத் தெரியும். இதோட வேகத்தடை வேற. இந்திய ரோடு காங்கிரஸ் 1988ல போட்ட விதிப்படி வேகத்தடைன்னா 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உசரம், 25 கி.மீ. வேகத்துல நோகாம ஏறி இறங்கணும். நம்ம ஊர்ல ராவோட ராவா சிலர் போடுற வேகத்தடை ஏதோ ஒரு ஆளைக் குறுக்கால படுக்கவச்சு மேல தார் ஊத்தின மாதிரி இருக்கும். நிறைய அகலம் இருந்தா டயர் மெதுவா ஏறும். குறுகலா உசரமா இருந்தா அது ஏத்தம் இல்லை, அடி.

இந்த அடியை வாங்கறது யாரு? பேரை வச்சு ஷாக் அப்சார்பர்தான்னு நானும் நினைச்சுக்கிட்டிருந்தேன். இல்லையாம். அடியை வாங்கறது ஸ்பிரிங். ஸ்பிரிங்குக்கு ஒரு கெட்ட பழக்கம், வாங்கின அடியை வச்சுக்கத் தெரியாது, திருப்பிக் குடுக்கும். அமுங்கும், எகிறும், மறுபடி அமுங்கும். அந்த ஆட்டத்தை அடக்கி உக்கார வைக்கிறதுதான் ஷாக் அப்சார்பர் வேலை. இங்கிலாந்துக்காரங்க இதை டேம்பர்னு சொல்றாங்க, அதுதான் நியாயமான பேர். எங்க மெக்கானிக் அண்ணன் வாயில அது 'ஷாக்கப்சர்'.

உள்ளே பெரிய ரகசியம் ஒண்ணும் இல்லை. சைக்கிளுக்குக் காத்தடிக்கிற பம்பை நினைச்சுக்கோங்க. ஒரு குழாய், அதுக்குள்ள ஒரு பிஸ்டன். காத்துக்குப் பதிலா எண்ணெய். பிஸ்டன்ல சின்னச் சின்ன ஓட்டையும் அதை மூடித் திறக்கிற வால்வும் இருக்கும். சக்கரம் மேலயும் கீழயும் போகும்போது எண்ணெய் அந்த ஓட்டை வழியா நெருக்கியடிச்சுக்கிட்டுப் போகணும். கிணத்துத் தண்ணிக்குள்ள கையை மெதுவா வீசினா சுகமா இருக்கும், வேகமா வீசிப் பாருங்க, தண்ணி கையைப் பிடிச்சு இழுக்கும். அதே கதைதான். எவ்வளவு வேகமா ஆடுதோ அவ்வளவு எதிர்ப்பு. ஆட்டத்தோட சக்தியெல்லாம் எண்ணெய்ல சூடா மாறி வெளியே போயிடும். பெரும்பாலும் அமுங்கும்போது கொஞ்சம் விட்டுக் குடுக்கும், ஸ்பிரிங் எகிறும்போது இறுக்கிப் பிடிக்கும். பம்புன்னு நான் சும்மா சொல்லலை. ஷாக் அப்சார்பர்ல உலகம் பூரா பேர் வாங்கின மன்ரோ கம்பெனி 1916ல அமெரிக்காவுல மிச்சிகன்ல டயருக்குக் காத்தடிக்கிற பம்பு செய்ற கம்பெனியாத்தான் ஆரம்பிச்சது. பத்து வருஷம் கழிச்சு 1926லதான் ஷாக் பக்கம் வந்தாங்க.

சரி, நம்ம கதைக்கு வருவோம்.

முதல்ல மாட்டினது அப்பத்தா. 2025 ஆரம்பத்துலேர்ந்து கார்ல ஏறவே மாட்டேன்னுடுச்சு. "என்னத்தையோ தூக்கித் தூக்கிப் போடுதுய்யா, இடுப்பு ரெண்டா ஒடியுது, நீங்க போயிட்டு வாங்க"ன்னு திண்ணையில உக்காந்துக்கும். சொந்தக்காரங்க கல்யாணம் ரெண்டு, ஒரு காது குத்து, எதுக்கும் வரலை. எழுபத்தாறு வயசு. நாங்க என்ன நினைப்போம்? வயசாயிடுச்சு, அவ்வளவுதான். டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனோம் (ஆட்டோவுல!). எக்ஸ்ரே எடுத்தாங்க. எலும்பு தேஞ்சிருக்கு, இந்த வயசுல சகஜம்னு இடுப்புக்கு ஒரு பெல்ட் குடுத்தாங்க. மொத்தம் 1,850 ரூபாய். கணக்கு அப்பத்தா பேர்ல எழுதியாச்சு.

அடுத்தது டயர். முன் டயர் ரெண்டும் ஒரு மாதிரி 'ங்ர்ர்ர்'னு சத்தம். டயர் கடையில அலைன்மென்ட், பேலன்சிங் பண்ணுங்கன்னாங்க. பண்ணினோம், 700. மூணு மாசத்துல மறுபடி சத்தம். மறுபடி 700. கடைசியில டயரே போச்சுன்னு ரெண்டு புது டயர், 6,400. அப்பா ரோட்டைத் திட்டினார். கணக்கு ரோடு பேர்ல.

மூணாவதுதான் இப்ப நினைச்சாலும் வயித்தைக் கலக்குது. தீபாவளிக்கு ஒரு வாரம் முன்னாடி, சாயங்காலம், லேசா தூறல். அப்பா ஓட்டறார், நான் பக்கத்துல. திருத்தங்கல் தாண்டி விருதுநகர் நோக்கி வர்றோம். முன்னாடி ஒரு பட்டாசு ஆலை வேன், வேலை முடிஞ்சு பொம்பளையாட்களை ஊர் ஊரா இறக்கி விட்டுட்டுப் போகுது. அப்பா அப்படி ஒண்ணும் வேகமாப் போகலை, நாப்பது நாப்பத்தஞ்சு இருக்கும். வேன் நின்னதும் பிரேக்கை மிதிச்சார். வண்டி மூக்கைக் குத்திக்கிட்டு முன்னாடி அமுங்குது, பின்பக்கம் தூக்குது, டயர் ரோட்டைத் தொட்டுத் தொட்டுத் துள்ளுது, நிக்க மாட்டேங்குது. வேன்லேர்ந்து ஒரு அக்கா தூக்குவாளியோட இறங்கி ரோட்டுல கால் வைக்கிறாங்க. எங்க பம்பருக்கும் அவங்களுக்கும் நடுவுல ரெண்டு முழம் இருக்கும்போது நின்னுது. அந்த அக்கா எங்களைத் திட்டக்கூட இல்லை. ஒரு பார்வை பார்த்துட்டு சேலையை இழுத்துச் சொருகிட்டுப் போயிட்டாங்க. அப்பா கை நடுங்குது. அஞ்சு நிமிஷம் ஓரமா நிறுத்திட்டு உக்காந்திருந்தோம், ஒருத்தருக்கொருத்தர் பேசலை.

மறுநாளே பிரேக் பேட் மாத்தியாச்சு. 1,450. கணக்கு பிரேக் பேர்ல. பழைய பேடைக் கையில குடுத்தாங்க, பாதிக்கு மேல மிச்சம் இருந்துச்சு. அப்பவாவது சந்தேகம் வந்திருக்கணும். வரலை.

இங்கதான் என் பாடப் புத்தகம் எனக்கே வேப்பிலை அடிச்சது. இருப்பாய்வு ஒத்துப்போகலைன்னாதானே நாம பிழையைத் தேடுவோம்? ஆனா தொகையைச் சரியா எழுதி, தப்பான கணக்குல எழுதினா இருப்பாய்வு ஜம்முனு ஒத்துப்போயிடும். பிழை உள்ளேயே சமாதியா இருக்கும். தேர்வுல எத்தனை தடவை எழுதியிருப்பேன், 'இருப்பாய்வு வெளிக்காட்டாத பிழைகள்'னு. தேஞ்ச ஷாக் அப்சார்பர் அப்படித்தான். அது ஒரு நாளும் தன் சொந்தப் பேர்ல வந்து நிக்காது. இடுப்பு வலியா வரும், டயர் சத்தமா வரும், பிரேக் பிடிக்கலைன்னு வரும், ரோடு சரியில்லைன்னு வரும். ஒவ்வொண்ணுக்கும் ஒரு கணக்கு தயாரா இருக்கும், நாமளும் எழுதி மூடிடுவோம்.

தினம் ஓட்டறவங்களுக்குத் தெரியாததுக்கு இன்னொரு காரணம், இது ஒரே நாள்ல போறது இல்லை. ஒவ்வொரு குழியிலயும் வால்வு கொஞ்சம் தேயும், சீல் கொஞ்சம் இளகும். நேத்தைக்கும் இன்னைக்கும் வித்தியாசமே இருக்காது. ஓட்டற கையும் கூடவே பழகிக்கும், வளைவுல கொஞ்சம் முன்னாடியே மெதுவாக்குவோம், பஸ் முந்தும்போது ஸ்டீரிங்கைக் கொஞ்சம் இறுக்கிப் பிடிப்போம். அப்படிப் பழகிட்டோம்ங்கிறதே தெரியாம பழகியிருப்போம். அதனால எங்க வீட்டுலயும் கண்டுபிடிச்சது வெளியாள்தான். தீபாவளிக்கு கோயமுத்தூர்லேர்ந்து வந்த அத்தையும் மாமாவும். ஸ்டேஷன்லேர்ந்து வீட்டுக்கு மூணு கிலோமீட்டர் வர்றதுக்குள்ள மாமா சொல்லிட்டார், "என்ன மச்சான், தோணியில போற மாதிரி இருக்கு? வேகத்தடையைத் தாண்டி அரை ஃபர்லாங் வந்தாச்சு, இன்னும் ஆடிக்கிட்டே வருது." அப்பா வழக்கம்போல, "ரோடு அப்படி மாப்ள"ன்னார். "இந்தத் தெருவுல சிமென்ட் ரோடுல்ல போட்டிருக்கு"ன்னார் மாமா. பின்சீட்டுல இருந்த நான் அப்பாவைப் பார்த்தேன், அவர் கண்ணாடியில என்னைப் பார்த்தார்.

மெக்கானிக் அண்ணன்கிட்ட போனோம். தகரக் கொட்டாய், ஒரு வேப்பமரம், ஒரு எஃப்.எம். ரேடியோ. எங்க கதையை முழுசாக் கேட்கக்கூட இல்லை. வண்டியோட முன் மூலையில ரெண்டு கையையும் வச்சு நல்லா அமுக்கி, டக்குனு விட்டார். மேல வந்துச்சு, கீழ போச்சு, மறுபடி மேல, மறுபடி கீழ. "ஒரு தடவை மேல வந்து அப்படியே உக்காரணும் தம்பி. இது கும்பிடு போட்டுக்கிட்டே இருக்கு பாருங்க." நாலு மூலையிலயும் பண்ணினார். பின்பக்கம் இன்னும் மோசம், காலண்டர் பண்டல் புண்ணியம்.

இந்தச் சோதனையை வீட்டுலயே பண்ணிப் பார்க்கலாம். ஆனா ஒண்ணு, ஆடினா போயிடுச்சுன்னு நம்பலாம், ஆடலைன்னா நல்லா இருக்குன்னு நம்பக்கூடாது. கையால அமுக்கற வேகம் வேற, அறுபதுல போகும்போது குழியில விழற வேகம் வேற. பாதி தேஞ்ச ஷாக் கைச் சோதனையில பாஸ் ஆயிடும். அதனால அண்ணன் அதோட நிறுத்தலை. சக்கரத்து உள்பக்கம் டார்ச் அடிச்சுக் காட்டினார். இடதுபக்க முன் ஷாக்ல மேலேர்ந்து கீழ வரைக்கும் ஈரம், அது மேல கரிசல் புழுதி அப்பி கறுப்புப் பசை மாதிரி. லேசா எண்ணெய் மினுமினுப்பு மட்டும் இருந்தா பயப்பட வேண்டாமாம், பிஸ்டன் தண்டு மேல வரும்போது கொஞ்சம் எண்ணெய் ஒட்டிக்கிட்டு வரும். வழிஞ்சு ஓடின தாரை இருந்தா சீல் காலி. எண்ணெய்க்கும் எண்ணெய்ப் புரோட்டாவுக்கும் பேர்போன ஊர்ல இருந்துக்கிட்டு, ஒரு வருஷமா கார் எண்ணெய் ஒழுகினதை நாங்க பார்க்கலை பாருங்க.

அப்புறம் டயர் மேல உள்ளங்கையை வச்சு மெதுவாச் சுத்தித் தடவச் சொன்னார். ஆறு மாசம்கூட ஆகாத புது டயர். மேடு, பள்ளம், மேடு, பள்ளம். ரோட்டுல இருக்கிற அலை டயர்ல இருந்துச்சு. சக்கரம் துள்ளித் துள்ளி ஓடும்போது இறங்கற இடத்துல மட்டும் ரப்பர் அதிகமா தேயும், அதுதான் அந்த 'ங்ர்ர்ர்'. பிரேக் மர்மமும் அங்கேயே விடுபட்டுச்சு. பிரேக் நிறுத்தறது சக்கரத்தை. வண்டியை நிறுத்தறது டயருக்கும் ரோட்டுக்கும் நடுவுல இருக்கிற உராய்வு. டயர் ரோட்டை அமுக்கிக்கிட்டு இல்லாம அந்தரத்துல குதிச்சுக்கிட்டு இருந்தா, தங்கத்துல பேட் போட்டாலும் வண்டி நிக்காது. ஈர ரோடுன்னா கேக்கவே வேணாம். ராத்திரியில எதிர வர்றவங்க எங்களைப் பார்த்து 'டிம் அடி, டிம் அடி'ன்னு லைட்டைச் சிமிட்டினதுக்கும் அர்த்தம் புரிஞ்சுது. டிம்லதான் வந்துக்கிட்டிருந்தோம். வண்டி மூக்கு மேலயும் கீழயும் ஆட, எங்க வெளிச்சம் அவங்க கண்ணுல ஏறி இறங்கியிருக்கு.

அப்பா ஒரு வியாபாரி. "ஒண்ணுதானே ஒழுகுது தம்பி, அதை மட்டும் மாத்திருவோமே?"

"அண்ணாச்சி, ஒரு கால்ல புதுச் செருப்பு, ஒரு கால்ல பழைய செருப்பு போட்டு ஓடுவீங்களா?" ஒரே அச்சுல ஒரு பக்கம் இறுக்கமாவும் இன்னொரு பக்கம் தளர்வாவும் இருந்தா வளைவுலயும் பிரேக்லயும் வண்டி ரெண்டு பக்கமும் ரெண்டு விதமா நடந்துக்கும். மாத்தினா ஜோடியாத்தான் மாத்தணும்.

அப்பா விடலை. வேற ஒரு இடத்துல பழைய ஷாக்லயே ஓட்டை போட்டு, புது எண்ணெய் ஊத்தி, வெல்டு வச்சுத் தர்றாங்களாம், ஒண்ணுக்கு ஐநூறு ரூபாய்தானாம்னு யாரோ சொல்லியிருக்காங்க. அண்ணன் சிரிச்சார். போனது எண்ணெய் மட்டும் இல்லை, சீலும் வால்வும். எந்தத் தடிமன் எண்ணெய், எவ்வளவு அளவுன்னு ஃபேக்டரியில கணக்கு பண்ணி ஊத்தினது, குத்துமதிப்பா ஊத்தினா கல்லு மாதிரி ஆகும், இல்லைன்னா பழையபடி தோணி. அதுலயும் இப்ப வர்ற ஷாக்ல நிறைய கேஸ் ஷாக், உள்ளே நைட்ரஜன் வாயு அழுத்தத்துல இருக்கும், அதுல ஓட்டை போடறதும் வெல்டு வைக்கிறதும் வம்பை விலைக்கு வாங்கற வேலை. (கேஸ் ஷாக்னா கேஸ்தான் ஆட்டத்தை அடக்குதுன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. அடக்கறது எண்ணெய்தான். வேகமா அடிவாங்கும்போது எண்ணெய் நுரைச்சுப் போகாம அமுக்கி வைக்கத்தான் அந்த நைட்ரஜன். நுரைச்ச எண்ணெய்ல எதிர்ப்பு இருக்காது.)

எத்தனை கிலோமீட்டருக்கு ஒருக்க மாத்தணும்? தயாரிக்கிறவங்க 80,000 கிட்ட ஒரு கணக்கு சொல்றாங்க. விக்கிறவங்க சொல்ற கணக்கை அப்படியே நம்பறவன் பி.காம். படிக்கத் தகுதி இல்லாதவன்ங்கிறது என் கருத்து :-) நாற்கரச் சாலையில மட்டும் ஓடற வண்டி அதையும் தாண்டி ஓடும். பண்டல் ஏத்திக்கிட்டு கரிசல் ரோட்டுல ஓடற வண்டி பாதியிலயே படுக்கும். கிலோமீட்டரைவிட, 20,000க்கு ஒருக்க டார்ச் அடிச்சுப் பார்க்கறதும் டயரைத் தடவிப் பார்க்கறதும் உத்தமம்.

2025 டிசம்பர்ல ஒரு ஞாயித்துக்கிழமை வேலை நடந்தது. நான் காலையிலேர்ந்து கூடவே நின்னேன். முன்பக்கம் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட். ஷாக்கைச் சுத்தி ஸ்பிரிங், ரெண்டும் ஒரே தூணா நிக்கும். ஏர்ல் மெக்ஃபர்சன்கிற அமெரிக்க இன்ஜினியர் ஜெனரல் மோட்டார்ஸ்ல ஒரு சின்னக் காருக்காக யோசிச்சது. அந்தக் காரை கம்பெனி 1947ல கைவிட்டதும் ஃபோர்டுக்குப் போயிட்டார். 1950ல வந்த இங்கிலாந்து ஃபோர்டு கான்சல் மூலமா இது பேர் எடுத்துச்சு. இடம் குறைவா எடுக்கும், பாகம் குறைவு, செலவும் குறைவு. நம்ம ஊர் சின்னக் கார்ல முன்பக்கம் பெரும்பாலும் இதுதான்.

சக்கரத்தைக் கழட்டி, பிரேக் ஹோஸைப் பிடிச்சிருக்கிற கிளிப்பை விடுவிச்சு, கீழ ரெண்டு போல்ட், மேல பானெட்டுக்குள்ள இருக்கிற நட்டு, இதைக் கழட்டினா தூண் மொத்தமா கையில வந்துடும். அடுத்த கட்டத்துலதான் என்னை ரெண்டு அடி தள்ளி நிக்கச் சொன்னார். தூணோட உச்சியில நடுவுல ஒரு நட்டு இருக்கு. அமுங்கின ஸ்பிரிங்கைப் பிடிச்சு வச்சிருக்கிறது அது ஒண்ணுதான். ஸ்பிரிங் கம்ப்ரஸர்னு கொக்கி மாதிரி ஒரு சாமான், அதை ரெண்டு பக்கமும் மாட்டி, திருகித் திருகி ஸ்பிரிங்கை இன்னும் அமுக்கி, நட்டு மேல இருக்கிற பாரம் முழுசா இறங்கின பிறகுதான் நட்டுல கை வைக்கணும். அந்தச் சாமான் இல்லாம கயித்தைக் கட்டிக் கழட்டறவங்களும் உண்டாம். "சிவகாசிப் பக்கத்துல பொறந்துட்டு இதைச் சொல்லித்தரணுமா தம்பி? உள்ள அடைச்சு வச்ச எதுவுமே விளையாட்டு இல்லை"ன்னார். நியாயம்தான். தானே மாத்திப் பார்க்கலாம்னு ஆசைப்படறவங்க எதை வேணா பண்ணுங்க, முன்பக்க ஸ்பிரிங்கை மட்டும் தொடாதீங்க.

புது ஷாக்கை எடுத்ததும் நேரா மாட்டலை. நிமிர்த்திப் பிடிச்சு அஞ்சாறு தடவை முழுசா இழுத்து அமுக்கினார். கடையில படுக்க வச்சே கிடக்கும்போது எண்ணெய்க் குழாய்க்குள்ள காத்து புகுந்திருக்குமாம், அதை வெளியேத்தணும். முதல் இழுப்புல லொடக்குனு ஒரு வெத்து இடம், நாலாவது இழுப்புல மழுமழுன்னு இறுக்கம். பளபளன்னு இருந்த தண்டைப் பிளையர் போட்டுப் பிடிக்க வந்த பையனுக்கு ஒரு திட்டு விழுந்துச்சு. அதுல ஒரு கீறல் விழுந்தா புது சீலை அந்தக் கீறலே அறுத்துடும். பம்ப் ஸ்டாப் ரப்பர், தூசி உறை, மேல இருக்கிற மவுண்ட் எல்லாம் புதுசு போட்டாங்க. இதெல்லாம் சில்லறைச் சாமான்னு பழசையே போட்டா, அதுக்காக மறுபடி மொத்தத்தையும் கழட்டணும், கூலி ரெண்டு தடவை.

பின்பக்கம் சுலபம், ஸ்பிரிங் தனி, ஷாக் தனி. அச்சுக்கு அடியில ஜாக்கி குடுத்துட்டு மேல ஒரு நட்டு, கீழ ஒரு போல்ட், முடிஞ்சுது. ஆனா கீழ போல்ட்டை கடைசி இறுக்கு இறுக்கறதை, வண்டியைத் தரையில இறக்கி நிக்க வச்ச பிறகுதான் பண்ணினார். தூக்கின நிலையில இறுக்கினா, இறக்கினதும் ரப்பர் புஷ் முறுக்கிக்கிட்டே நிக்கும், சீக்கிரம் கிழியும். நான் பார்த்ததுலயே எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான், ஏன்னு தெரியலை.

செலவு: முன் ஸ்ட்ரட் ஜோடி 3,400, பின் ஷாக் ஜோடி 1,900, மவுண்ட் ரப்பர் வகையறா 1,500, கூலி 1,600, முன்பக்க போல்ட்டைக் கழட்டினதால கட்டாயம் பண்ண வேண்டிய வீல் அலைன்மென்ட் 350. ஆக 8,750. 2025 செப்டம்பர் 22லேர்ந்து கார் பாகங்களுக்கெல்லாம் ஜி.எஸ்.டி. ஒரே சீரா 18 சதவீதம் ஆயிட்டதால, முன்னாடி பல பாகங்களுக்கு இருந்த 28 சதவீதத்துலேர்ந்து தப்பிச்சோம். ஏமாந்து கட்டின கணக்கைக் கூட்டிப் பாருங்க: அப்பத்தா 1,850, அலைன்மென்ட் 1,400, டயர் 6,400, பிரேக் 1,450. மொத்தம் 11,100. அன்னிக்கு ராத்திரி இந்த ரெண்டு எண்ணையும் ஒரு பேப்பர்ல எழுதி அப்பாகிட்ட காட்டினேன். அவர் பேப்பரைப் பார்க்கலை. "அந்தப் பொம்பளையை அடிச்சிருந்தா எந்தக் கணக்குலடா எழுதியிருப்ப?"ன்னார். எழுந்து போயிட்டார்.

ஒரு உண்மையையும் சொல்லிடறேன். ஷாக் மாத்தினதும் அப்பத்தா இடுப்பு வலி பறந்துடலை. எலும்பு தேஞ்சது தேஞ்சதுதான், பெல்ட் இன்னும் போட்டுக்கிட்டுத்தான் இருக்கு. ஆனா ஒரு வருஷமா அது சொன்னது வலிக்குதுன்னு மட்டும் இல்லையே. தூக்கித் தூக்கிப் போடுதுன்னும் சொல்லுச்சு. நாங்க முதல் பாதியை மட்டும் கேட்டுக்கிட்டு எக்ஸ்ரே எடுத்தோம். காருக்குள்ளேயே தெளிவாப் பேசின ஒரே ஆள் அதுதான்.

2026 பொங்கல் கழிச்சு இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குக் கிளம்பினோம். முதல்ல வர மாட்டேன்னுச்சு. நான்தான் கையைப் பிடிச்சு முன்சீட்டுல உக்கார வச்சேன். தெரு முனை வேகத்தடை வந்ததும் கண்ணை மூடிக்கிட்டு டாஷ்போர்டை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிச்சு. வண்டி ஏறி இறங்கி உக்காந்துடுச்சு. கண்ணைத் திறந்து, திரும்பி ரோட்டைப் பார்த்துச்சு.

"என்னத்தா, வேற கார் வாங்கியாச்சான்னு பார்க்கறியா?"ன்னு அப்பா கேட்டார்.

பதில் இல்லை. சாத்தூர் வரைக்கும் வாயே திறக்கலை. அங்கேர்ந்து கோயில் ரோட்டுக்குத் திரும்பினதும், "எய்யா, இந்த ஏசியைக் கொஞ்சம் அமத்து, காதுக்குள்ள போய் மண்டையை இடிக்குது"ன்னுச்சு. அப்பா ஏசியை அமத்திட்டு கண்ணாடியை இறக்கிவிட்டார்.